டேங்க் கிளீனர் மீனை ஏரியிலிருந்து அகற்றக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: பெரிய ஏரியில் வலையும் தூண்டிலும் போட்டுப் பிழைக்கும் குடும்பத்தினர்

பெறுநர்: உயர்திரு மீன்வள உதவி இயக்குநர் அவர்கள்

பொருள்: டேங்க் கிளீனர் மீன்களை அகற்றவும், கிழிந்த வலைகளுக்கு நிவாரணம் வழங்கவும் வேண்டுதல்

பார்வை: தபாலில் அனுப்பிய மனு, குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்த மனு (ரசீது நகல் இணைப்பு)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஏரி தங்களுக்குப் புதிதல்ல. கட்லா, ரோகு குஞ்சுகள் விட்ட அன்று கிழக்கு மதகில் தாங்களும் நின்றீர்கள். அந்த மதகுப் பக்கம் இப்போது வலை விரிக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் நிலைமையைப் பணிவுடன் கீழே எழுதியுள்ளோம்.

1. ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் தூண்டில் போடும் பையன்கள்தான் இந்த மீனை முதலில் கொண்டுவந்து காட்டினார்கள். கறுத்த உடம்பில் புள்ளிகள், அடியில் உறிஞ்சும் வாய், மேலெல்லாம் எலும்புத் தகடு. ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மீன்தொட்டிக் கடைக்காரர்தான் பார்த்ததும் சொன்னார். தென் அமெரிக்க மீனாம். தொட்டியில் பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்கிப் போகிறார்கள். ஒன்றரை அடி வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் ஏரி குளத்தில் விட்டுவிடுகிறார்கள்.

2. வலைதான் எங்கள் பெரிய கஷ்டம். மாலையில் தங்கூசி வலையை (மெல்லிய நைலான் நூல் வலை) கட்டிவிட்டு விடியற்காலையில் எடுக்கப் போவோம். இந்த மீன் இரவில்தான் நடமாடும், ராத்திரியெல்லாம் வந்து விழும். முதுகிலும் பக்கவாட்டிலும் உள்ள முள்ளை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டால் மடக்கவே முடியாது. கட்லாவைப்போல் வலைக் கண்ணியை விலக்கி எடுக்க வழியில்லை, முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் நூல் முள்ளில் இன்னும் சுற்றும். கடைசியில் கத்தியால் கண்ணியை அறுத்துத்தான் எடுக்கிறோம். ஒரு மீனுக்கு நாலைந்து கண்ணி போகும். ஒரு வலையில் இருபது விழுந்தால் அந்த வலை அன்றோடு சரி. கை கிழிந்து ரத்தம் வருவது தனி. வீட்டுப் பெண்கள் பகலெல்லாம் உட்கார்ந்து பொத்தல் அடைக்கிறார்கள், அடைத்த இடத்திலேயே மறுநாள் மறுபடி கிழிகிறது. புது வலைக்கு வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் முதல் தவணை கட்டுவதற்குள் அந்த வலையையும் இழந்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு பிடித்த மீனை யாரும் வாங்குவதில்லை. தகட்டை உரித்தால் உள்ளே கொஞ்சம்தான் சதை. நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

3. கரையைத் தாங்களே வந்து பார்க்க வேண்டும். முட்டையிடுவதற்காக இது கரை மண்ணில் கை போகாத ஆழத்துக்கு வளை தோண்டுகிறது. தண்ணீர் இறங்கியதும் தெற்குக் கரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் கரை உடைந்தால் நஞ்சை முழுவதும் போய்விடும்.

4. முட்டைகளை வளைக்குள் ஆண் மீன் காவல் காக்கிறது, அதனால் குஞ்சுகள் நிறையத் தப்பிவிடுகின்றன. பெரியதை அடித்துத் தின்ன இங்கே எதுவும் கிடையாது. சாக்கடைத் தண்ணீரிலும் வாழ்கிறது. வயிற்றால் காற்றை இழுத்து மூச்சுவிடும் மீன் என்பதால் கரையில் வீசினாலும் பல மணி நேரம் சாகாது. பாசியோடு மற்ற மீன்களின் முட்டையையும் வழித்துத் தின்கிறது. கெண்டையும் கெளுத்தியும் குறைந்துவிட்டன, ஜிலேபி மீன்கூட முன்போல் விழுவதில்லை. இது எங்கள் கற்பனை அல்ல ஐயா. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும், திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், ஆந்திரத்திலும் இது பரவியிருக்கிறது. மெக்சிகோவில் இன்ஃபியர்னிலோ அணையில் ஜிலேபி பிடித்துப் பிழைத்தவர்களின் தொழிலையே இது குலைத்துவிட்டது. அந்த நிலைமைக்கு நாங்களும் போன பிறகுதான் அதிகாரிகள் வருவார்களா?

5. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவைக் கொடுத்தபோது இது எங்கள் பிரிவு அல்ல, வேறு அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்த அலுவலகத்துக்குப் போனால், மீன் விஷயம் என்று திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். மீன் யாருடைய பிரிவு, கரை யாருடைய பிரிவு என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யக் கூடாதா? ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்தால் அன்று எங்கள் வீட்டில் உலை ஏறாது. குத்தகைப் பணம் ஒரு வாரம் தாமதமானால் மட்டும் ஆள் வந்துவிடுகிறதே! ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை போட்டீர்கள், நல்லது. இதை மட்டும் ஏன் எந்தக் கடையிலும் வாங்கி எந்த ஏரியிலும் கொட்ட விட்டிருக்கிறீர்கள்? கோபத்தில் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

எனவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ) ஒரு நாள் விடியற்காலையில் ஏரிக்கு நேரில் வந்து நாங்கள் வலை எடுப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆ) கோடையில் தண்ணீர் இறங்கும்போது வளைகளைத் தோண்டி இந்த மீன்களை மொத்தமாக எடுத்துப் புதைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் நாங்களே பிடித்துத் தருகிறோம். இப்போது பலரும் வெறுப்பில் திரும்பத் தண்ணீரிலேயே வீசிவிடுகிறார்கள், அதுவும் நிற்கும்.

இ) வலை இழந்தவர்களுக்கு நிவாரணம். முழு விலை கேட்கவில்லை, பாதியாவது கொடுங்கள்.

ஈ) வளர்ப்பு மீனை ஏரியில் விடக் கூடாது என்று மீன்தொட்டிக் கடைகளிலும் கலங்கலிலும் பலகை வைக்க வேண்டும்.

இவற்றில் முதல் கோரிக்கையையாவது உடனே நிறைவேற்றுங்கள் ஐயா. நேரில் வாருங்கள். மழைக்கு முன்னால் வாருங்கள். வரும் தேதியை முன்கூட்டிச் சொன்னால் மதகடியில் எல்லோரும் கிழிந்த வலைகளோடு இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெரிய ஏரி மீனவர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)