வாடி பந்தரில் ஒரு பலகை வேண்டும்

மும்பையில் பேருந்துகளை இயக்கி மின்சாரமும் விநியோகிக்கும் பெஸ்ட் நிறுவனத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவியில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன் நான். இந்த நகரத்து மின்விளக்கின் பழைய கதையில் நிலக்கரிக்கு உரிய இடத்தைக் கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

1874 முதல் குதிரைகள் இழுத்துவந்த டிராமை மின்சாரத்துக்கு மாற்றவும், நகருக்கு மின்சாரம் வழங்கவும் 1905இல் தொடங்கப்பட்ட உங்கள் முன்னோடி நிறுவனம், அவ்வாண்டு நவம்பரிலேயே துறைமுகப் பகுதியான வாடி பந்தரில் நீராவியால் இயங்கும் மின்நிலையத்தை நிறுவியது. அதன் திறன் 4,300 கிலோவாட். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசிகள் மூவாயிரத்தை இன்று ஒரே நேரத்தில் போட்டால் அந்த நிலையம் தாங்கியிருக்காது. ஆனால் 1907 மே 7 அன்று மாநகராட்சி அலுவலகத்திலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டபோது அதுவே பெரும் ஆற்றல். தேவை பெருகியதால் 1912இல் இன்னொரு நிலையமும் எழுந்தது.

பம்பாய்க்கு அருகில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளப் பக்கத்திலிருந்து துணைக்கண்டத்தின் குறுக்கே கரியைக் கொண்டுவர ஆன செலவும், ஆலைப் புகைபோக்கிகள் கக்கிய புகையும்தான் மலைச்சரிவு நீரின் பக்கம் டாடாவின் கவனத்தைத் திருப்பின. 1915இல் மலையடிவாரத்துக் கோப்போலியில் உற்பத்தியான நீர்மின்சாரம் பம்பாயின் பரேல் மின்னேற்பு நிலையத்தில் வந்து இறங்கியது. 1920களில் உங்கள் நிறுவனமும் சொந்த உற்பத்தியைக் கைவிட்டு, டாடாவிடம் வாங்கி விநியோகிக்கத் தொடங்கியது.

1964இல் நின்றுபோன டிராமைப் பற்றி நகரம் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறது; அதை ஓட்டிய கொதிகலனைப் பற்றிப் பேச ஆளில்லை. மணி அடித்துக்கொண்டு தெருவில் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள், மதிலுக்குள் வெந்ததை யார் பார்த்தார்கள்?

ஆகவே, உங்கள் நிறுவனத்தை மாநகராட்சி ஏற்ற நாளான ஆகஸ்ட் 7ஐ நீங்கள் கொண்டாடும்போது, வாடி பந்தர் நிலையம் இருந்த பகுதியில் ஒரு பலகை நிறுவுமாறு வேண்டுகிறேன். ஆண்டும் திறனும் மட்டும் போதாது. அடுப்பு வாயில் கரி அள்ளிப் போட்ட தொழிலாளர்களைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்கட்டும். மராத்தியோடு தமிழிலும் எழுதினால் மகிழ்வோம். எழுதாவிட்டாலும் குறையில்லை, அந்த ஒரு வரி விடுபடாதிருந்தால் சரி.

இப்படிக்கு,
தாராவிவாசி ஒருவன்