மின் டைப்ரைட்டருக்கும் ஒரு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டைப்ரைட்டர் சேகரிப்பவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் படத்தில் இருந்தவை எல்லாம் கையால் தட்டுகிற இயந்திரங்கள். மின்சாரத்தில் ஓடும் டைப்ரைட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சேகரிப்பவர்களே அதைக் கண்டால் ‘பாரம் அதிகம், ரிப்பேர் ஆனால் தீர்ந்தது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பாரம் உண்மைதான், ஐபிஎம் நிறுவனத்தின் செலக்ட்ரிக் என்ற மின் டைப்ரைட்டரைத் தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரிப்பேர் விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செலக்ட்ரிக் 1961-இல் வந்தது. அதில் எழுத்துக்கு ஒன்றாக எழும்பி அடிக்கும் கம்பிகளும் இல்லை, காகிதத்தைச் சுமந்து நகரும் உருளைப் பகுதியும் (கேரேஜ்) இல்லை. 88 எழுத்துகள் பொறித்த ஒரே ஒரு சின்ன உருண்டை, காகிதத்துக்கு முன்னால் ஓடி ஓடி அடிக்கிறது. நான் பொழுதுபோக்குக்காக வாங்கியது 1971-இல் வந்த செலக்ட்ரிக் 2. விற்றவர் ஒளிக்காமல் சொன்னார்: “மோட்டார் ஓடும், எழுத்து விழாது.” அதற்காகவே வாங்கினேன் என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, ஏதாவது ஒரு விசையை அமுக்கி, மோட்டார் சுற்றும் சுழல்தண்டை அது ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நெம்புகோல்கள் ஒன்றையொன்று இழுத்து, தங்கள் அசைவுகளைக் கூட்டிக் கழித்து, இரண்டு மெல்லிய எஃகு நாடாக்களுக்கு அனுப்புகின்றன. ஒரு நாடா உருண்டையைச் சாய்த்து நான்கு வரிசைகளில் ஒன்றைக் காட்டுகிறது. மற்றது அதைத் திருப்பி எழுத்தைக் காட்டுகிறது. ஷிப்டை அமுக்கினால் உருண்டை அரை வட்டம் திரும்பிப் பெரிய எழுத்துப் பக்கத்தைக் காட்டும். கணக்கெல்லாம் இரும்பிலேயே நடக்கிறது, சிப் என்று ஒன்றுமே கிடையாது. இதை விநாடிக்கு ஏறக்குறைய 15 முறை செய்யக்கூடிய இயந்திரம் என்று நினைத்தால், மணிக்கணக்கில் கையாலேயே சுற்றிக்கொண்டிருக்கத் தோன்றும். நான் அப்படித்தான் இருந்தேன்.

என் இயந்திரத்தில் எதுவும் உடைந்திருக்கவில்லை. பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். ‘ரிப்பேர்’ என்று ஒதுக்கப்படுகிற பலவற்றின் கதையும் இதுவே. கரைப்பான் தொட்ட தூரிகையால் துடைத்து எடுத்து, அசையும் இடங்களில் மட்டும் துளித்துளியாக மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே பீய்ச்சி அடிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். மோட்டாரின் பெல்ட் ஓடும் கப்பியின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டிருந்தால் மட்டும் வேலை கொஞ்சம் பெரிது.

வாங்க நினைப்பவர்கள் பின்புறத் தகட்டில் வோல்ட் அளவைப் பாருங்கள். 115 வோல்ட் இயந்திரத்தை 230-இல் நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரிப்பனும் மாடலுக்கு மாடல் மாறும். அப்புறம், கூடவே உருண்டைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உருண்டையின் மேலே உள்ள சின்ன நெம்புகோலைத் தூக்கி உருண்டையை மாற்றினால் எழுத்துருவே மாறிவிடும். ‘கூரியர்’ என்ற எழுத்துருவில் தொடங்கிய கடிதத்தைச் சாய்ந்த எழுத்தில் முடிக்கலாம்.

அடுத்த முறை இதுபோல் கட்டுரை வந்தால், மூடியைக் கழற்றிய ஒரு செலக்ட்ரிக்கின் படத்தையும் போடுங்கள். அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் வீட்டில் சர்வீஸ் புத்தகங்கள் கிடக்கும். குப்பையில் போடும் முன் யாராவது ஸ்கேன் செய்துவைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்