புது நாட்குறிப்புச் செயலியை உருவாக்கியவர்களுக்கு, வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சத்துவாச்சாரியில் பந்தல், சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. முகூர்த்த நாள்தான் பிழைப்பு. ஒரே தேதியை இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டால் கடையின் பேரே போய்விடும். அதனால்தான் நாட்காட்டி, வேலைப் பட்டியல், முகவரி, குறிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் உங்கள் இணையச் செயலிக்கு மாறினோம். தினமும் அதில் புழங்குகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, பிரவுசர் இருந்தால் போதும். கடையின் பழைய கம்ப்யூட்டரிலும் திறக்கிறது, லோடு ஏற்றிக்கொண்டு காட்பாடி போன தம்பியின் போனிலும் திறக்கிறது. "தொரப்பாடி, 300 நாற்காலி, அட்வான்ஸ் வாங்கியாச்சு" என்று நான் இங்கே போட்டதும் அவனுக்கு அங்கே தெரிகிறது. "அந்தத் தேதி காலியா இருக்கா அண்ணா?" என்று அவன் போன் போட்டுக் கேட்பது நின்றே போனது. இதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

அப்புறம் குறைகள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி நடக்கும். 2024இல் அது மே 14, 2025இல் மே 15. 'ஆண்டுதோறும்' என்று குறித்தால் உங்கள் செயலி மே 14ஐயே பிடித்துக்கொள்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் அன்னதானம் செய்கிறவர்கள் அண்டா, குண்டான் கேட்டு வருவார்கள். அதையும் 'மாதந்தோறும்' என்று போட முடியவில்லை. தமிழ் மாதம், திதி, நட்சத்திரம் மூன்றையும் வைத்துத் திரும்ப வரும் நாளைக் குறிக்க வழி வேண்டும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

தேடலும் சரியில்லை. தொரப்பாடி என்று தேடினால் பாதிப் பதிவுகள் வருவதில்லை. கணினி படிக்கும் என் அண்ணன் மகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். 'தொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம், சேர்ந்து ஒரே குறியீடாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். தேடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டாலே போதும். கொணவட்டம் என்ற ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இது தேவை, தள்ளிப்போடாதீர்கள்.

மண்டபத்துச் சமையற்கட்டில் சிக்னல் இருக்காது. அங்கே நின்று எத்தனை அண்டா இறக்க வேண்டும் என்று பார்த்தால் வெள்ளைத் திரைதான் வருகிறது. பிரவுசரிலேயே ஒரு நகலை வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் சர்வரோடு சரிபார்க்கும் நுட்பம் இருக்கிறதே, அதைச் சேருங்கள்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. சன்ரைஸ் என்ற நாட்காட்டிச் செயலி, வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலி இரண்டையும் மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கியது. முதலாவதை 2016இலும் அடுத்ததை 2020 மே மாதத்திலும் மூடிவிட்டார்கள். நன்றாக ஓடிய செயலிகளுக்கே இந்த நிலை. உங்கள் செயலி நாளை நின்றுபோனால் நாங்கள் வாக்குக் கொடுத்த கல்யாணத் தேதிகள் என்ன ஆகும்? இப்போது வெளியே எடுக்க பிடிஎஃப் மட்டும்தான் தருகிறீர்கள். அதை வேறு செயலியில் ஏற்ற முடியாது. மற்ற செயலிகளும் படிக்கக்கூடிய பொது வடிவங்களில், அதாவது நாட்களை ஐகேலண்டர் வடிவிலும், முகவரிகளை விகார்டு வடிவிலும் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். எங்களை நம்பி வீட்டு முகவரியும் போன் நம்பரும் கொடுத்தவர்களின் விவரம் எந்த சர்வரில் இருக்கிறது, யார் பார்க்க முடியும் என்பதையும் தமிழிலேயே எழுதிப் போடுங்கள்.

தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் அந்தப் பொத்தானையாவது கொடுத்துவிடுங்கள். கட்டணம் வைத்தாலும் கட்டுகிறோம். தமிழ்த் தேதிகளைச் சோதித்துப் பார்க்கப் பழைய பதிவுகள் வேண்டுமென்றால், பெயரும் முகவரியும் நீக்கிவிட்டு எங்கள் கடைக் கணக்கிலிருந்தே எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பந்தல் கடைக்காரர் ஒருவர்
சத்துவாச்சாரி, வேலூர்