ஐடிலிங் ஏறினால் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஐடிலிங் (மிதியைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம்), இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் 1,800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,800 சுற்று) நிற்பதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். த்ராட்டில் (மிதிக்கேற்ப இன்ஜினுக்குள் காற்றை விடும் தட்டு) ஸ்டாப் ஸ்குரூவைத் திருப்பிக் குறைக்கும்படியும், காற்று லீக் இருந்தால் தெரிய இன்ஜின் ஓடும்போதே கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும்படியும் உங்கள் வாகனப் பக்கத்தில் பதில் தந்திருந்தார்கள். முதல் யோசனை பழுதை மூடி மறைக்கும். இரண்டாவது காரையே கொளுத்திவிடலாம். சாதாரண இன்ஜினில் அந்த ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவோர் உண்டு. டர்போ காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்பைன் ஹவுசிங்கும் அனலாய்த் தகிக்கும் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் அதை அடிப்பது வேண்டாத வம்பு.

சூடான இன்ஜின் பொதுவாக 750 முதல் 900 வரை ஓட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1,500-ஐத் தொட்டு மெல்ல இறங்கினால் அது பழுதே இல்லை. இறங்காமல் நின்றால், மிதியை விட்ட பிறகும் எங்கோ ஒரு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தாலும் சற்று ஏறும். டைமிங் லைட் வைத்து அதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மற்றபடி தேட வேண்டியது காற்றைத்தான்.

முதலில் த்ராட்டில் கேபிள். மிதியை விட்ட நிலையில் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். குரூஸ் கன்ட்ரோல் உள்ள கார்களில் இரண்டாவது கேபிள் ஒன்று இருக்கும், அதைப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (த்ராட்டிலைத் தாண்டிய காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த் தொகுதி) கிளம்பும் ஒவ்வொரு வேக்யூம் ஹோஸையும் துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பாருங்கள். பிரேக் பூஸ்டர், பி.சி.வி. வால்வு (கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டியில் சேரும் வாயுவை உள்ளிழுக்கும் ஒருவழி வால்வு), கேனிஸ்டர் பர்ஜ் (பெட்ரோல் ஆவியை இழுக்கும் குழாய்), பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கேஜுக்குப் போகும் டி-ஜாயின்ட் என்று ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். எதை நசுக்கும்போது ஆர்.பி.எம். சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அந்த ஹோஸின் மறுமுனையில் இருக்கிறது. வெப்பத்தில் பிஸ்கட் போல மொறுமொறுத்த ஹோஸ் நசுக்கும்போதே உடையும். அதற்காக வருந்த வேண்டாம், எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

டர்போ காரில் மட்டும் வரும் ஒரு சங்கதி ப்ளோ-ஆஃப் வால்வு, அதாவது மிதியை விட்டதும் மிஞ்சும் டர்போ அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு. அதன் மேல் அறைக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் போகிறது. உள்ளே டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தால், அந்த ஹோஸ் வழியாகவே இன்ஜின் காற்றை உறிஞ்சும். வெளியிலிருந்து பார்க்க வால்வு புதிதுபோல இருக்கும். ஹோஸைக் கழற்றி அந்த அறையில் கை வேக்யூம் பம்ப்பைப் பொருத்துங்கள். இழுத்த வேக்யூம் நிற்காமல் இறங்கினால் டயாஃப்ரம் போய்விட்டது. பி.சி.வி. வால்வும் இதே மாதிரிதான். ஒருவழி வால்வாக வேலை செய்யாவிட்டால் ஐடிலிங்கில் கிராங்க்கேஸிலிருந்து அளவுக்கு மேல் காற்றை இழுக்கும். பூஸ்ட் ஏறியதும் அழுத்தத்தை கிராங்க்கேஸுக்குள் தள்ளி ஆயில் சீல்களைக் கசியவைக்கும்.

இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பைப்பில் லீக் இருந்தால் ஐடிலிங் ஏறும் என்றும் அந்தப் பதிலில் இருந்தது. த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள ஓட்டை, த்ராட்டிலைத் தாண்டிப் போகும் காற்றைக் கூட்டாது. ஏர்ஃப்ளோ மீட்டர் (உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி) உள்ள கார்களில் அது காற்று-பெட்ரோல் கலவையைக் கெடுத்து இன்ஜினைத் தடுமாற வைக்கும், அவ்வளவுதான். ஐடிலிங் ஏற வேண்டுமானால் ஓட்டை த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதிலும் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் தரும் கார்களில், லீக்காகி வந்த காற்றுக்கும் சேர்த்தே இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் ஊற்றுவதால் ஆர்.பி.எம். நிதானமாக உயரத்தில் நிற்கும். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள கார்களில் அதே லீக் பெரும்பாலும் உதறலோடு வரும்.

ஊசலாட்டம் இன்னொரு தடயம். ஆர்.பி.எம். ஏறுவதும் இறங்குவதுமாக விடாமல் ஆடினால், த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது என்று கண்ட இ.சி.யூ., கார் இறக்கத்தில் உருளுவதாக நினைத்து பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மறுபடி தருகிறது. இ.சி.யூ.வில் கோளாறு என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பெரிய காற்று லீக் ஒன்றின் அடையாளம் அது.

கையால் அகப்படாத லீக்குக்கு, புகையை உள்ளே செலுத்தி ஓட்டையைக் காட்டும் ஸ்மோக் மெஷின் உத்தமம். அது இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போ இன்லெட்டை டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 0.3 முதல் 0.5 பார் வரை காற்றேற்றுங்கள். கிராங்க்கேஸிலிருந்து வந்து இன்லெட் பைப்பில் சேரும் பிரீதர் ஹோஸைக் கழற்றி அந்தத் துளையையும் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் நேரே கிராங்க்கேஸுக்குப் போகும். த்ராட்டிலைச் சற்றுத் திறந்து பிடித்துக்கொண்டு, மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனைகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஷாஃப்ட் சீலில் குமிழ் வருவது பழைய கார்களில் சகஜம். ஆயில் மூடியைத் திறந்தால் சீறல் கேட்கிறதா? பி.சி.வி. வால்வு பின்னோக்கி விடலாம்.

லீக் எதுவுமில்லை என்றால், காற்று நியாயமான வழியாகவே கூடுதலாக வருகிறது. பல ஜப்பானிய டர்போ கார்களில், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தருவதற்காக, கூலண்ட் சூட்டில் வேலை செய்யும் மெழுகுக் குமிழ் ஒன்று உண்டு. மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினில் அது த்ராட்டில் பாடிக்கு (த்ராட்டில் தட்டு அமைந்த கூடு) அடியில் வால்வாக இருக்கிறது; மாஸ்டா ஆர்.எக்ஸ்-7-ல் ஒரு கேமைத் தள்ளி த்ராட்டிலைச் சற்றே திறந்து வைக்கிறது. சூடேறினால்தான் அந்த வால்வு மூடும், இந்தக் கேம் விலகும். இன்ஜின் சூடான பின் த்ராட்டில் பாடிக்குப் போகும் இரு கூலண்ட் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று ஜில்லென்று இருந்தால் அடைப்பு அல்லது காற்றுப் பூட்டு. காற்று குளிர்ச்சியாக வரட்டும் என்று அந்த ஹோஸ்களையே யாராவது பிடுங்கி பைபாஸ் செய்திருந்தால் குமிழ் சூடேறாது, ஐடிலிங்கும் இறங்காது. இந்த மாற்றத்தைச் சொல்லாமல் காரை விற்பவர்கள் உண்டு.

அடுத்தது, ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றை இ.சி.யூ. சொல்படி விடும் ஐடில் கன்ட்ரோல் வால்வு. 4ஜி63-ல் அது ஸ்டெப்பர் மோட்டார். அதன் ஒவ்வொரு கம்பிச் சுருளிலும் (காயில்) 20 டிகிரி செல்சியஸில் 28 முதல் 33 ஓம் இருக்க வேண்டும். காயில் ஷார்ட் ஆனால் இ.சி.யூ.வுக்குள் அதை இயக்கும் சிப்பையும் எரித்துவிடும். எனவே புது மோட்டாரை மாட்டும் முன் இ.சி.யூ.வையும் சோதிப்பது நல்லது. 90-களின் தொடக்கத்து மிட்சுபிஷி இ.சி.யூ.க்களில் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிப்பது தெரிந்த விஷயம். திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதுதான்.

சென்சார்களில் கூலண்ட் சென்சார் முக்கியம். மீட்டருக்குப் போகும் சென்சார் வேறு, இ.சி.யூ.வுக்குப் போகும் இரட்டை ஒயர் சென்சார் வேறு. பல ஜப்பானிய கார்களில் பின்னது 20 டிகிரியில் சுமார் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். சென்சாரின் ஒயர் இணையும் பின்னில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடி, கொதிக்கும் இன்ஜினை இ.சி.யூ. குளிர்ந்தது என்று நம்பிவிடும். த்ராட்டில் சென்சாரின் ஐடில் சுவிட்ச் மூடாவிட்டாலும் ஐடில் கட்டுப்பாடே தொடங்காது.

ஸ்டாப் ஸ்குரூ, த்ராட்டில் தட்டு துளையில் சிக்காமல் தாங்குவதற்காகத் தொழிற்சாலையில் அமைத்தது. ஏற்கெனவே யாராவது திருப்பியிருந்தால், மேனுவலில் உள்ள அளவுக்கு மீட்டு, த்ராட்டில் சென்சாரையும் மறுபடி அமைக்க வேண்டும். ஐடிலிங்கைத் திருத்த, த்ராட்டில் தட்டைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் ஸ்குரூ தனியாக இருக்கிறது. லீக்கெல்லாம் தீர்ந்த பிறகு, டயக்னோசிஸ் கனெக்டரில் மேனுவல் சொல்லும் பின்களை இணைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அதன் ஓ-ரிங் கெட்டிப்பட்டிருந்தால் ஸ்குரூவை முழுக்க மூடினாலும் காற்று புகும்.

இவ்வளவையும் நீங்கள் வெளியிட இடமில்லாவிட்டாலும், ஸ்ப்ரே பற்றிய எச்சரிக்கையை மட்டுமாவது அடுத்த வாகனப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுநீக்கும் வாசகர்கள்