மாமா கொண்டுவந்த கோடி

அன்புள்ள மல்லி,

நலம்தானே? அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா? பதில் போடவில்லை என்று நீ ஈப்போவில் உட்கார்ந்து திட்டுவது இங்கே கேட்கிறது. பெரியம்மா தவறிவிட்டார். போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தூக்கத்திலேயே.

இங்கே சிங்கப்பூரில், ஈசூன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வைத்தோம். சங்கு, மேளம், தேவாரம், நெய்ப்பந்தம், மண்டாய் சுடுகாட்டுக்கு இரண்டு பஸ், எதிலும் குறை வைக்கவில்லை. நாலாம் மாடிச் சீனப் பாட்டிகூட வெள்ளை உறையில் பணம் வைத்துத் பெரியம்மா மகன், நம் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பில் வந்ததும் தம்பி வெடித்துவிட்டான். "நாலு பேர் மெச்சவா இவ்வளவு செலவு? நேரே மண்டாய்க்குக் கொண்டுபோயிருக்கலாம்" என்றான். பெரியவர்கள் "ஊர் என்ன சொல்லும்" என்றார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜொகூர் மாமா வந்திருந்தார். எண்பது தாண்டிய மனிதர், காஸ்வே எல்லைச்சாலை நெரிசலில் நசுங்கி வந்தார், மடியில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. சக்கர நாற்காலியிலிருந்து தானே எழுந்து, கை நடுங்க அக்காள்மேல் சேலையைப் போர்த்தி, ஓரத்தை இழுத்துப் பாதத்தை மூடினார். 2020இல் எங்கள் அம்மா போனபோது கொரோனாவால் எல்லை அடைத்திருந்தது. சாவு வீட்டில் ஒரு நேரத்தில் 10 பேருக்குமேல் நிற்கக்கூடாது என்றிருந்தது. அம்மாவுக்கு எடுத்த கோடி இன்னும் மாமா பீரோவில் கிடக்கிறது. "இவளுக்காவது போட்டேன்" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

ஊர்ப்பெருமை கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நம் தாத்தாமார் கப்பலேறித் தனியாளாக வந்தவர்கள், மல்லி. செத்தால் தூக்க நாலு பேர் வருவார்களா என்ற பயம் அவர்களுக்குச் சாகும்வரை போகவில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் உன் தாத்தா வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாரே! இன்று நாம் போனால்தான் நாளை நமக்கு வருவார்கள் என்ற கணக்கு அது. அதில் என்ன தப்பு? இந்த ஊரில் புதைத்தாலும் சுவா சூ காங் இடுகாட்டில் 15 ஆண்டுதான், பிறகு தோண்டியெடுத்துவிடுவார்கள். நமக்கோ சாம்பலும் கடலோடு போய்விடுகிறது. போய் நிற்க ஓர் இடமில்லாத ஊரில், ஆளைச் சுற்றி எல்லாரும் கூடுவது அந்த இரண்டு மூன்று நாள்தான். அதையும் விடச் சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதற்காகத் தம்பி கடனாளி ஆக வேண்டுமா? மகன் கடன் வாங்கிக் கருமாதி செய்தால் பெரியம்மா கட்டை வேகுமா? பூ ஜோடித்த வண்டி, ஹோட்டல் சாப்பாடு இதெல்லாம் யார் கேட்டது? கோடியும் வாய்க்கரிசியும் உறவுக்காரர்கள் கையால் நடப்பவை, அவற்றுக்குப் பெரிய காசு வேண்டாம். பதினாறாம் நாள் செலவை அக்காள் தங்கை பிள்ளைகள் நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், சமையலும் வீட்டிலேயே என்றேன். "மகன் காசில்தான் செய்யணும்" என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

உன் மாமியார் காரியத்தைப் பங்காளிகள் சேர்ந்து செய்ததாக எழுதியிருந்தாயே, பெரியவர்களிடம் என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தாய்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. அடுத்த வாரச் சனிக்கிழமை காரியம்.

உன்,
சரசு