கல்லடிச் சனிக்கிழமைச் சந்தையை நடத்தித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் கல்லடியில் நடக்கும் இந்த வருடத்துச் சந்தை போன சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. இனி மாரி மழை பெய்து ஓய்ந்து, பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கும் மாசி மாதத்தில்தான் அடுத்தது. கடைசி நாளிலேயே ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல நினைத்தேன். சாமான் ஏற்றுகிற அவசரத்தில் யாரையும் மறித்து நிற்க மனம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள் என்று தெரியும், அதனால் பெயர் இல்லை. வாசிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே விளங்கும்.

முதலில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து பயற்றங்காயும் கத்தரியும் கொண்டுவந்த அக்காவுக்கு. சந்தை தொடங்கிய புதிதில் ஒரு நாள் "இது மருந்து அடிக்காததா அக்கா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எந்தக் கடையிலும் "ஓம்" என்றுதான் பதில் வரும். அக்கா பயற்றங்காய்க் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "இல்ல மகள், இதுக்கு ஒரு தரம் அடிச்சது. பூக்கிற நேரம் புழு விழுந்திட்டு. அடிச்சு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் ஆய்ஞ்சது. கழுவிப்போட்டுச் சமைங்க. அங்கால இருக்கிற கத்தரி அடிக்காதது, அதுல சொத்தை இருக்கும், பாத்து வெட்டுங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டு மரக்கறி அவரிடம்தான்.

அவருடைய கத்தரிக்குப் பக்கத்தில் 'இயற்கை விவசாயம்' என்று ஒரு பலகை மாட்டலாம் என்று யாரோ சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். 2021இல் இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததும், அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இடைவெளிக்குள் மாட்டுப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நிலத்தை எருவுக்கும் இலைகுழைக்கும் பழக்கியெடுக்க வருடக்கணக்காகும், உத்தரவு போட்டு அதை ஒரு போகத்தில் செய்ய முடியாது என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. இப்போது தோட்டத்தில் அரைவாசியை மட்டும் அப்படி மாற்றியிருக்கிறார். மற்ற அரைவாசியைப் பற்றிக் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறார். எனக்கு இந்தச் சந்தையில் கிடைத்த பெரிய பொருள் அதுதான். விளைவித்தவரே எதிரில் நின்று, கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்வது.

அப்புறம் பூசணிக்காய் அப்பா. ஒரு பூசணிக்காய் வாங்கப் போனால் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் வர முடியும், அதற்காகவே போனவர்களும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன்பு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விளைந்ததை அந்தத் துறையால் இந்தப் பக்கம் கொண்டுவர, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, திரும்பக் கட்டி, அதற்குள் தக்காளி நசுங்கிப்போன கதைகளை அவர் சொல்லும்போது குரலில் கோபமே இருக்காது. இப்போது வெள்ளாப்பில் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏறினால், ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டிக் கல்லடிக்கு வந்துவிடுகிறார்கள். பாலம் வந்து இத்தனை வருடமாகியும் நாங்கள் கரட்டும் லீக்ஸும் தம்புள்ளையிலிருந்து வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், வாவிக்கு அந்தப் பக்கம் என்ன காய்க்கிறது என்று கேட்டதில்லை. அந்த வாகனத்தை ஒழுங்குபடுத்தி, வாடகையை எல்லோருக்கும் பிரித்து, ஒரு கிழமையும் தவறாமல் நடத்திய தம்பிமாருக்குத் தனியாக நன்றி. விற்காத நாளில் பங்குக் காசு கேட்காமல் விட்டதும் எனக்குத் தெரியும்.

எந்த மாதத்தில் எது வரும் என்பதை என் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள். மாசி, பங்குனியில் பனங்கிழங்கும் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிர்நிலத்தில் விளைந்த குரக்கனும் சோளமும். சித்திரையை ஒட்டிப் பச்சை மரமுந்திரிகைப் பருப்பு. அதை உடைத்துக் கொண்டுவந்த இரண்டு தங்கச்சிமாருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? கோதிலிருந்து வரும் பால் பட்டால் தோல் வெந்து உரியும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டுதான் உடைப்பார்களாம், அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பருப்பைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கறி வைத்துச் சாப்பிடும்போது அந்தக் கைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. விலை கூட என்று முணுமுணுத்தவர்கள் ஒரு தரம் உடைத்துப் பார்க்கலாம்.

ஆனி பிறக்கப் பாலைப்பழம் வந்தது. வாகரைப் பக்கக் காட்டில் பொறுக்கியதைச் சுண்டால் அளந்து கொடுத்தார்கள். சாப்பிட்ட சின்னவனுக்கு உதடு ஒட்டிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. பழம் விற்ற ஆச்சி சிரித்துக்கொண்டே எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டார். அடுத்த கிழமை அவன்தான் முதலில் ஓடினான். ஆடியில் நாவல். இந்தப் பழங்களைத் தின்னாமல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களோ என்று எனக்கு உண்மையாகவே பயம் இருந்தது.

சட்டித் தயிர் அண்ணைக்கும் நன்றி. வேளாண்மைக் காலத்தில் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்குக் கொண்டுபோய், வெட்டு முடிந்த பிறகு வயல்பக்கம் திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தரைக்காக 2023இல் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்தவர். புல் காய்ந்த நாட்களில் பால் குறையும், தயிரும் குறையும். அதற்காக அவர் தண்ணீர் சேர்க்கவில்லை. சட்டிகளைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்த மாதங்கள்தான் சந்தைக்குச் சோதனை. ஒன்பது மணிக்கு முன்பே கீரை வாடிவிடும். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, வெயில் ஏற ஏற இடம் மாறி மாறி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் நானா நிழலுக்குப் பெரிய படங்குகளை (தார்ப்பாய்களை)க் கொண்டுவந்து கட்டினார். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "முதல்ல கீரை வாடாம இருக்கட்டும், மறுகா கதைப்பம்" என்றார். அந்தக் கதை இன்னும் நடக்கவில்லை என்று கேள்வி. நானா, தயவுசெய்து அடுத்த வருடமாவது எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இலைக்கஞ்சி ஊற்றிய அக்காமார், வளவைத் தந்த கோயில் நிர்வாகத்தினர், சந்தை கலைந்த பின் வந்து குப்பை அள்ளிய மாநகர சபைத் தொழிலாளர்கள், எல்லோருக்கும் நன்றி. சொப்பிங் பை வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்து, பன் புல்லில் இழைத்த பைகளை இரவல் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை வாவி மீனும் இறாலும் கொண்டுவரக்கூடிய யாரையாவது சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஐஸ் பெட்டி இரண்டு வேண்டியிருக்கும், அதற்கு எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் காசு போட ஆயத்தம். மேசை, வாங்கு வைக்க இடம் தேவையென்றால் எங்கள் வளவின் முன்பக்கம் இருக்கிறது, கடப்பு எப்போதும் திறந்துதான் இருக்கும்.

இரவல் பன்பைகளில் இரண்டு என்னிடம் தங்கிவிட்டன. ஒன்றில் சிவப்பு நூல் முடிச்சு இருக்கிறது. உரியவர்கள் கஞ்சி அக்காவிடம் சொல்லிவிட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
கல்லடியிலிருந்து உங்கள் வாடிக்கைக்காரி ஒருத்தி