ரிசல்ட் பாத்துட்டு கலங்காதம்மா

அம்மாடி,

நேத்து ராத்திரி போன்ல உன் குரலே சரியில்ல. நீ வாங்கி வச்சிருக்குற அந்த சின்ன டெக் கம்பெனியோட காலாண்டு ரிசல்ட் வந்த ஒரே நாள்ல பங்கு விலை 30 சதவீதம் விழுந்துடுச்சுன்னு நீ சொன்னப்ப எனக்கும் பகீர்னுச்சு, வித்துடுன்னு சொல்லவும் வாய் வரல, வச்சுக்கோன்னு சொல்லவும் வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

சின்ன டெக் கம்பெனின்னா தினமும் கைமாறுற பங்கே கம்மி, நாலு பெரிய கை ஒரே நேரத்துல விக்க வந்தா வாங்க ஆளிருக்காது, பொத்துன்னு விழும். அதனால விழுந்த அளவை வச்சு முடிவெடுக்காத. ஒரு ஆர்டர் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது வேற, கஸ்டமரே விட்டுட்டுப் போனது வேற, இதுல எதுன்னு முதல்ல பாரு.

விழுந்தது திரும்ப ஏறும்னு எல்லாரும் அமேசானைத்தான் சொல்லுவாங்க. 1999 டிசம்பர்ல 100 டாலருக்கு மேல இருந்தது 2001-ல 6 டாலர் பக்கம் வந்துச்சு, நிஜம்தான். ஆனா அப்பவும் அவங்க விற்பனை வருஷா வருஷம் ஏறிட்டுதான் இருந்துச்சு, சரிவுக்கு முன்னாடியே கடன் பத்திரம் வித்து கையில காசும் வச்சிருந்தாங்க. ஆனா நாய், பூனைச் சாமானை இன்டர்நெட்ல வித்த பெட்ஸ்.காம், 2000 பிப்ரவரில பங்கு வெளியிட்டு அதே வருஷம் நவம்பர்ல கடையையே மூடிடுச்சு.

நானும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி பங்கை வருஷக்கணக்கா கட்டிக்கிட்டு அழுதேன்மா. வாங்குன விலையை டைரி முதல் பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சு, விழ விழ இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணேன். விற்பனையை விட கஸ்டமர்கிட்ட இருந்து வரவேண்டிய பாக்கி வேகமா ஏறுதுன்னு ரிப்போர்ட்ல தெளிவா இருந்துச்சு, கண்ணால பாத்தேன், பாத்துட்டே பக்கத்தைத் திருப்பிட்டேன். 80 சதவீதம் போச்சு. அது பழைய விலைக்கு வரணும்னா அஞ்சு மடங்காகணும், வரல.

நீ ரிப்போர்ட்ல கேஷ் ஃப்ளோ பக்கத்தை எடு, அதான் காசு வந்த, போன கணக்கு. கம்பெனி கையில இருக்குற காசை, ஒரு காலாண்டுல வரவை விட கூடுதலா போற காசால வகுத்துப் பாரு, நாலு காலாண்டு கூட தாங்காதுன்னா விழுந்த விலையிலயே புதுப் பங்கு வெளியிட வேண்டி வரலாம், அப்ப கம்பெனில உன் பங்கோட அளவு கரையும். போன வருஷத்தை விட மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்குன்னும் பாத்துடு.

வாடகைக்கு வச்ச பணம் இதுல இருந்தா அதை மட்டும் நாளைக்கே எடுத்துடு. மத்ததுக்கு அவசரமில்ல, ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு, ஞாயித்துக்கிழமை போன்ல சேந்து படிக்கலாம். நஷ்டத்துல வித்தாலும் நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்டா கண்ணு.

அப்பா